மாணவராக வந்த மாமுனிவர்



நம் வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டியைச் சற்று உற்றுப் பார்ப்போம். பெரும்பாலும் அது சிவகாசியில் அச்சானதாகவே இருக்கும். அதில் 'எ' என்னும் குறிலுக்கும் 'ஏ' என்னும் நெடிலுக்கும் இடையே இருப்பது ஒரு சிறு கீழ்க்கோடுதான். அந்தக் கோடு இல்லையென்றால் எரி எது, ஏரி எது என்று கண்ணால் பார்த்துப் பிரித்தறிய முடியாது. ஒன்று நெருப்பு, மற்றொன்று தண்ணீர். பட்டாசும் தீப்பெட்டியும் செய்து பிழைக்கும் நம் பகுதி மக்களுக்கு இவ்விரண்டின் வேறுபாட்டை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தக் கோட்டைத் தமிழுக்குத் தந்தவர் என்று போற்றப்படுபவர் இத்தாலி நாட்டில் பிறந்த ஓர் இயேசு சபைக் குரு. அவர் இயற்பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. நாம் அவரை வீரமாமுனிவர் என்று அறிவோம். ஆகஸ்ட் 15-ஆம் நாள் பரலோக மாதா திருவிழாவுக்காக விருதுநகர், சாத்தூர், சிவகாசிப் பகுதிகளிலிருந்து நம்மில் பலர் காமநாயக்கன்பட்டிக்குச் செல்கிறோம். அந்தக் காமநாயக்கன்பட்டியில் மறைப்பணி ஆற்றியவர் அவர். நாம் மிதிக்கும் அதே கரிசல் மண்ணை அவரும் மிதித்தார். அவர் ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குப் பாலம் கட்டியதை இன்று சற்றுச் சிந்திப்போம்.

ஞானப்பிரகாசியாரின் ஊரிலிருந்து

1680-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் வட இத்தாலியின் மாந்துவா பகுதியில் உள்ள கஸ்திலியோனே என்னும் ஊரில் பெஸ்கி பிறந்தார். இளைஞர்களின் பாதுகாவலரான புனித ஞானப்பிரகாசியார் பிறந்த ஊரும் அதுவே. 1698-இல் இயேசு சபையில் சேர்ந்தார். லத்தீன் இலக்கியமும் மெய்யியலும் இறையியலும் கற்றுத் தேர்ந்தார். ஐரோப்பாவிலேயே ஒரு கல்லூரியில் பேராசிரியராக மதிப்போடு வாழ்ந்திருக்கலாம். ஆனால் அவர் மதுரை மிஷனைத் தேர்ந்துகொண்டார்.

அந்த மிஷனின் புகழ் அப்போதே ஐரோப்பாவில் பரவியிருந்தது. 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் என்னும் ராபர்ட் தே நொபிலி, தமிழ்த் துறவியைப் போல உடுத்தி, உண்டு, வாழ்ந்து, தமிழில் நூல்கள் எழுதிய செய்தியைக் குருமாணவர்கள் படித்து வளர்ந்தார்கள். 1693-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூரில் அருளானந்தர் தலை வெட்டுண்டு மறைசாட்சியாக மரித்தது அவர்கள் நெஞ்சில் பதிந்திருந்தது. பெஸ்கி 1710-இல் லிஸ்பனிலிருந்து கப்பல் ஏறி, கோவா வழியாக 1711-இல் மதுரை மிஷனுக்கு வந்து சேர்ந்தார்.

அப்போது அவருக்கு வயது முப்பது. பல மொழிகளை அறிந்தவர். ஆனால் இங்கே வந்து இறங்கியபோது, கிணற்றடியில் பேசும் ஒரு சிறுமியின் பேச்சுகூட அவருக்குப் புரிந்திராது. கற்றறிந்த மனிதர் ஒருவர் மீண்டும் முதல் வகுப்பு மாணவராவது எளிதன்று. நம்மில் எத்தனை பேர் அதற்கு உடன்படுவோம்? அவர் உடன்பட்டார். பனையோலையையும் எழுத்தாணியையும் கையில் எடுத்தார். தமிழ்ப் புலவர்களிடம் பாடம் கேட்டார். சுப்பிரதீபக் கவிராயர் அவருடைய ஆசிரியர்களில் ஒருவர் என்பது வழிவழியாக வரும் செய்தி. திருக்குறள், சிந்தாமணி, கம்பனின் காப்பியம் ஆகிய நூல்களில் அவர் எவ்வளவு தோய்ந்திருந்தார் என்பதை அவருடைய பாடல்களே காட்டுகின்றன.

அவருடைய தொடக்க காலப் பணி காமநாயக்கன்பட்டி, கயத்தாறு போன்ற பழைய கிறிஸ்தவ ஊர்களில் அமைந்தது. அப்போது விருதுநகர் என்ற பெயர் கிடையாது.  பட்டாசும் இல்லை, அச்சகமும் இல்லை. நாயக்க மன்னர் ஆட்சியில் பாளையக்காரர்கள் ஆண்ட காலம். மழை பொய்த்தால் பஞ்சம், மன்னன் மனம் மாறினால் கலகம். 1714-15-ஆம் ஆண்டுகளில் எழுந்த எதிர்ப்பில் பெஸ்கி மரண தண்டனையிலிருந்து மயிரிழையில் தப்பினார். அருளானந்தர் நடந்த வழி தமக்கும் நேரலாம் என்பதை அவர் அறிந்தேயிருந்தார். ஆனாலும் ஊர் திரும்பவில்லை.

பெயரையும் பொருள் அறிந்து மாற்றியவர்

கான்ஸ்டன்டைன் என்ற பெயருக்கு உறுதியுடையவர், நிலைத்து நிற்பவர் என்பது பொருள். அதனால் தைரியநாதர் என்று தம் பெயரை அவர் தமிழாக்கிக்கொண்டார். பிற்காலத்தில் அதுவே வீரமாமுனிவர் என்று வழங்கியது. காவி உடை உடுத்தி, புலால் நீக்கி, இந்நாட்டுத் துறவியாகவே வாழ்ந்தார்.

பெயரை ஒலிபெயர்ப்பது எளிது. ஜோசப் என்பதைச் சூசை என்று நம் முன்னோர் சொன்னார்கள். வீரமாமுனிவர் அதோடு நிற்கவில்லை. எபிரேய மொழியில் அப்பெயருக்குப் பெருகுதல், கூடுதல் என்பது பொருள். ஆகவே சூசையப்பருக்கு வளன் என்று பெயர் சூட்டினார். யோவான் என்ற பெயரில் கடவுளின் இரக்கம் அடங்கியிருக்கிறது. ஆகவே திருமுழுக்கு யோவானைக் கருணையன் என்றார். இன்று நம் பிள்ளைகள் பள்ளிப் பாடநூலில் கருணையனைப் படிக்கிறார்கள். அவர் யார் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வது பெற்றோராகிய நம் கடமை.

சூசையப்பரைத் தலைவராக வைத்து அவர் பாடிய காப்பியம் தேம்பாவணி. 3 காண்டங்கள், 36 படலங்கள், 3,615 பாடல்கள். வாடாத மாலை என்றும், தேன் போன்ற பாக்களால் ஆன அணி என்றும் அப்பெயருக்குப் பொருள் சொல்வார்கள். நற்செய்தி நூல்களில் சூசையப்பர் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. அமைதியாக உழைத்து, குடும்பத்தைக் காத்து, மறைந்துவிடுகிறார். அத்தகைய ஒரு தச்சுத் தொழிலாளியைத் தமிழ்க் காப்பியத் தலைவராக்க ஒருவர் துணிந்ததே நமக்குப் பெரும் ஆறுதல். அரசர்களும் வீரர்களும் அமர்ந்த இடத்தில், கையில் உளி பிடித்தவரை அவர் அமர்த்தினார்.

இதற்குத் துணையாக, ஸ்பெயின் நாட்டுத் துறவி மரியா தே ஆக்ரெதா எழுதிய நூலின் செய்திகளையும் அவர் எடுத்துக்கொண்டார். ஆனால் தேம்பாவணியைப் படிக்கும்போது ஸ்பெயினும் இத்தாலியும் நம் நினைவுக்கு வருவதில்லை. தமிழ்க் காப்பிய மரபுப்படி நாட்டுப் படலமும் நகரப் படலமும் வருகின்றன. யூதேயா நாட்டில் மழை பொழிகிறது, வயல் விளைகிறது. அது நம் நாடோ என்று தோன்றும். சொற்களை மட்டும் மாற்றி வைத்திருந்தால் இது நடந்திருக்காது. கேட்பவரின் கண்முன் எந்த ஊர் தெரியும் என்று அவர் எண்ணிப் பார்த்தார்.

சொல்லில் செய்ததை அவர் உருவத்திலும் செய்தார். கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்கும், ஏலாக்குறிச்சியில் அடைக்கல அன்னைக்கும் ஆலயம் கண்டார். ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டு, அவ்வன்னையைப் பற்றிக் கலம்பகம் பாடினார். பெண்கள் பாடி ஆடும் அம்மானையில் கித்தேரியம்மாள் என்ற மறைசாட்சியின் வரலாற்றைச் சொன்னார். படித்தவருக்குக் காப்பியம், பாமரருக்கு அம்மானை. யாரையும் அவர் வெளியே நிறுத்தவில்லை.

வள்ளுவர் லத்தீன் பேசினார்

கொண்டு வந்து கொடுப்பது மட்டுமே பணி என்று நினைத்திருந்தால் வீரமாமுனிவர் நல்ல மறைபரப்பாளராக மட்டும் இருந்திருப்பார். இங்கிருந்து எடுத்துச் செல்லவும் செல்வம் உண்டு என்று உணர்ந்ததே அவருடைய பெருமை. 1730-ஆம் ஆண்டளவில் திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் மொழிபெயர்த்தார். 108 அதிகாரங்கள், 1,080 குறள்கள். அன்று ஐரோப்பாவில் எந்த நாட்டு அறிஞரானாலும் லத்தீன் அறிந்திருப்பார். ஆகவே லத்தீனில் எழுதுவது ஒரு நாட்டுக்கு எழுதுவதன்று, ஒரு கண்டத்துக்கே எழுதுவதாகும். பிற்காலத்தில் ஜி.யு. போப் 1886-இல் திருக்குறளை ஆங்கிலத்தில் வெளியிட்டபோது, வீரமாமுனிவரின் லத்தீன் மொழிபெயர்ப்பையும் அந்நூலில் சேர்த்துக்கொண்டார்.

காமத்துப்பாலின் 250 குறள்களை அவர் மொழிபெயர்க்கவில்லை. துறவியாகிய தமக்கும் தம் வாசகருக்கும் அது பொருந்தாது என்று அவர் கருதியிருக்கலாம் என்பார்கள். இன்று நாம் அந்த முடிவை ஏற்க வேண்டியதில்லை. கணவன் மனைவியரின் அன்பைத் திருச்சபை அருளடையாளமாகவே போற்றுகிறது. வள்ளுவரின் மூன்றாம் பாலும் மாண்புடையதே. மாமுனிவர்களும் தம் காலத்தின் மனிதர்களே என்பதை இது நினைவூட்டுகிறது.

தேடுகிறவருக்குத் திறந்த கதவு

அந்நாளில் ஒரு சொல்லுக்குப் பொருள் தேட வேண்டுமானால் நிகண்டு தெரிந்திருக்க வேண்டும். நிகண்டுகள் பாட்டாக இருந்தன. ஆசிரியரிடம் அமர்ந்து ஆண்டுக்கணக்கில் மனப்பாடம் செய்தவருக்கே அவை பயன்பட்டன. பாடம் கேட்க வழியில்லாதவருக்குக் கதவு சாத்தியே இருந்தது.

1732-இல் வீரமாமுனிவர் சதுரகராதியைத் தொகுத்தார். பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பகுதிகள். பெயரகராதியில் சொல்லுக்குப் பொருள் கிடைக்கும். பொருளகராதியில் ஒரு பொருளுக்கு உரிய பல சொற்கள் கிடைக்கும். தொகையகராதியில் முக்கனி, ஐம்பொறி போன்ற தொகுதிகள் இருக்கும். தொடையகராதி பாட்டு எழுதுவோருக்கு எதுகைச் சொற்களைத் தரும். எல்லாம் அகர வரிசையில். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த எவரும் ஆசிரியர் துணையின்றிச் சொல்லைத் தேடிக்கொள்ளலாம். 1824-இல் அது முழுமையாக அச்சேறியது. தமிழ் அகராதிக்கலையின் தந்தை என்று அவரைச் சொல்வது இதனால்தான். தமிழ்நாடு அரசு 2019 முதல் அவர் பிறந்த நவம்பர் 8-ஆம் நாளைத் தமிழ் அகராதியியல் நாளாகக் கொண்டாடுகிறது.

எழுத்திலும் இதே அக்கறைதான். பழைய முறையில் குறில் எகர ஒகரங்களுக்கு மேலே புள்ளி வைக்க வேண்டும். ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று அஞ்சி எழுதுவோர் அதை விட்டுவிட்டார்கள். விளைவு, எரியும் ஏரியும் ஒன்றாகத் தெரிந்தன. கொடு என்பதும் கோடு என்பதும் ஒன்றாகவே இருந்தன. தமிழ் அறிந்தவர் இடம் பார்த்துப் படித்துக்கொண்டார். புதிதாகக் கற்பவர் திண்டாடினார். அந்தத் திண்டாட்டத்தை வெளியிலிருந்து வந்த வீரமாமுனிவர் பட்டறிந்தார். ஆகவே நெடிலுக்கு வேறு அடையாளம் இட்டு, இரண்டையும் பிரித்துக் காட்டினார். பின்னர் அச்சுக் காலத்தில் அது நிலைபெற்றது. பிறந்தது முதல் பேசுகிறவர்களுக்குத் தெரியாத குறையை, தடுமாறிக் கற்ற ஒருவர் கண்டு திருத்தினார்.

பேச்சுத் தமிழுக்குத் தனியாகவும் இலக்கியத் தமிழுக்குத் தனியாகவும் லத்தீனில் இலக்கணம் எழுதினார். தமிழிலேயே தொன்னூல் விளக்கம் என்ற ஐந்திலக்கண நூலையும் எழுதினார். செந்தமிழை மட்டும் கற்று வரும் குருவானவர் மக்களோடு பேச முடியாது, கொடுந்தமிழை மட்டும் கற்றவர் புலவர்களோடு பேச முடியாது. இரண்டும் வேண்டும் என்று உணர்ந்து இரண்டுக்கும் வழி செய்தார். உபதேசியார்களுக்காக 1727-இல் வேதியர் ஒழுக்கம் என்ற உரைநடை நூலைத் தந்தார். பாட்டே கோலோச்சிய காலத்தில் இப்படி எளிய உரைநடையை வளர்த்தார்.

எண்ண மறந்த சீடர்கள்

பரமார்த்த குருவின் கதையைக் கேட்டுச் சிரிக்காத தமிழர் உண்டா? அதையும் எழுதியவர் இவர்தான். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள். ஆற்றைக் கடக்கும் முன் அது தூங்குகிறதா என்று அறியக் கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் வைக்கிறார்கள். சுர்ரென்று சத்தம் வருகிறது. ஆறு விழித்திருக்கிறது என்று பயந்து ஓடுகிறார்கள். ஒருவழியாகக் கடந்த பிறகு, எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு மற்றவர்களை எண்ணி, ஒருவரை ஆறு கொண்டுபோய்விட்டது என்று அழுகிறான்.

மொழி கற்பவர் பேச்சுத் தமிழைச் சிரித்துக்கொண்டே கற்பதற்கு உதவிய கதை இது. 1822-இல் லண்டனில் பாபிங்டன் என்பவரின் ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சானது. குருவாகிய ஒருவரே ஒரு மூடக் குருவைப் படைத்து, மக்களைச் சிரிக்க வைத்திருக்கிறார். தம்மைப் பெரிதாக எண்ணிக்கொள்கிறவரால் இது முடியாது.

சண்டையிட்டவர்களின் அச்சகம்

இனி நாம் சற்று வருத்தத்தோடு நினைக்க வேண்டிய பகுதி. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கும் அவருடைய லூத்தரன் தோழர்களும் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டுப் பரப்பினார்கள். அவர்களுக்கு எதிராக வீரமாமுனிவர் கடுமையாக எழுதினார். வேத விளக்கம், பேதகம் மறுத்தல் போன்ற நூல்கள் அந்த மோதலில் பிறந்தவை. இரு தரப்பும் கிறிஸ்துவையே அறிவித்தன. இரு தரப்பும் தமிழை நேசித்தன. ஆயினும் ஒருவரை ஒருவர் சகோதரராகப் பார்க்க அந்தக் காலம் அவர்களை விடவில்லை.

ஆனால் வரலாற்றில் ஒரு வியப்பு நிகழ்ந்தது. வீரமாமுனிவர் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் 1738-இல் அச்சானது. அச்சிட்ட இடம் எது தெரியுமா? தரங்கம்பாடியில் அந்த லூத்தரன் மிஷனின் அச்சகம்! யாரோடு எழுத்தில் மல்லுக்கு நின்றாரோ அவர்களே அவருடைய இலக்கணத்தின் அருமையை உணர்ந்து அச்சிட்டார்கள். கொள்கைச் சண்டையால் இணைக்க முடியாதவர்களைத் தமிழ் இலக்கணம் இணைத்தது. அண்டை வீட்டில் வாழும் பிற சபைச் சகோதரர்களோடு நாம் பழகும் விதத்தை இதை வைத்து எண்ணிப் பார்க்கலாம்.

இறுதிக் காலத்தில் மணப்பாட்டிலும், பின்னர் இன்றைய கேரளத்தில் உள்ள அம்பழக்காட்டிலும் வாழ்ந்தார். 1747-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் அங்கே இறைவனடி சேர்ந்தார். அருளானந்தர் மறைசாட்சியாக மரித்ததும் ஒரு பிப்ரவரி 4-தான். ஒருவர் ஒரே நாளில் தம் குருதியைத் தந்தார். மற்றவர் 36 ஆண்டுகள் நாளுக்கு நாள் தம் உழைப்பைத் தந்தார். 1968-இல் சென்னையில் நடந்த இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டின்போது மெரினா கடற்கரையில் வீரமாமுனிவருக்குச் சிலை வைக்கப்பட்டது. காமநாயக்கன்பட்டி அவரை இன்றும் தன் பங்குத்தந்தையாகவே நினைக்கிறது.

நாம் யாரிடம் மாணவராகப் போகிறோம்?

அன்பார்ந்தவர்களே, சிலை எழுப்புவதும் விழா எடுப்பதும் நல்லதே. ஆனால் அவரை மதிக்க அதைவிடச் சிறந்த வழி நம் பகுதியிலேயே இருக்கிறது.

இன்று விருதுநகரிலும் சிவகாசியிலும் வட மாநிலங்களிலிருந்து பிழைப்புக்காக வந்த தொழிலாளர்களைக் காண்கிறோம். வீரமாமுனிவர் வந்து இறங்கிய நாளில் எப்படி நின்றாரோ, அப்படியே இவர்களும் மொழி தெரியாமல் நிற்கிறார்கள். ஆனால் அவருக்கு உதவச் சபை இருந்தது, உபதேசியார்கள் இருந்தார்கள், பாடம் சொல்லப் புலவர்கள் இருந்தார்கள். இவர்களுக்கு யார் இருக்கிறார்கள்? கடையில் சாமான் வாங்கும்போதும், மருத்துவமனையில் வலியைச் சொல்லும்போதும் அவர்கள் தடுமாறுவதைப் பார்த்து நாம் சிரித்ததில்லையா?

மருந்து கையாளும் இடத்தில் மொழி என்பது உயிர்ப் பிரச்சினை. உராய்வு கூடாது, வெயிலில் மருந்தை வைக்கக் கூடாது, ஓர் அறையில் அளவுக்கு மேல் ஆள் இருக்கக் கூடாது, இரும்புக் கருவி கூடாது என்ற எச்சரிக்கைகள் சுவரில் எழுதியிருந்தால் மட்டும் போதாது. படிப்பவருக்குப் புரிய வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத நம் சகோதரிக்கு அதை வாயால் சொல்ல வேண்டும். தமிழ் தெரியாதவருக்கு அவர் மொழியில் சொல்ல வேண்டும். வெடி விபத்து நடந்த பிறகு ஆலயத்தில் மெழுகுதிரி ஏற்றிச் செபிக்கிறோம். அந்தச் செபம் தேவைதான். ஆனால் விபத்துக்கு முன்னால் ஒரு சொல்லை ஒருவருக்குப் புரிய வைப்பதும் செபமே. எரிக்கும் ஏரிக்கும் நடுவே ஒரு கோடு போட்டவரின் பிள்ளைகள் நாம்.

நம் பங்குகளில் இந்தி தெரிந்த இளைஞர்கள் இருப்பார்கள். பட்டாளத்தில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர்கள், வடக்கே வேலை பார்த்துத் திரும்பியவர்கள் இருப்பார்கள். ஞாயிறு திருப்பலி முடிந்து ஒரு மணி நேரம் ஒதுக்கினால், இந்தத் தொழிலாளர்களுக்குக் கொஞ்சம் தமிழ் சொல்லித்தரலாம். அதைவிட முக்கியம், அவர்களிடமிருந்து நாமும் சில சொற்களைக் கற்றுக்கொள்ளலாம். சொல்லிக்கொடுக்கும் முன் கற்றுக்கொள்வதுதானே மாமுனிவர் காட்டிய வழி.

பெந்தகோஸ்து நாளில் தூய ஆவியார் எல்லோரையும் ஒரே மொழி பேச வைக்கவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் மொழியில் கேட்கும்படி செய்தார். கற்றறிந்த ஒருவர் கடல் கடந்து வந்து, நம் கரிசல் மண்ணில் எழுத்துக் கூட்டிப் படித்து, நம் மொழியிலேயே நம்மை மகிழ்வித்தார். அதே பணிவோடு அடுத்தவர் மொழிக்குச் செவிகொடுக்கும் மனதை இறைவன் நமக்கும் தருவாராக.

அடுத்த முறை காமநாயக்கன்பட்டி அன்னையின் முன் நாம் மண்டியிடும்போது, நம் விண்ணப்பங்களோடு, மொழி தெரியாமல் நம் தெருவில் நிற்கும் அந்த ஒருவரையும் சேர்த்துக்கொள்வோம். பரமார்த்த குருவின் சீடரைப் போல, எண்ணும்போது ஒருவரை விட்டுவிடாமல் இருப்போம்.